நள்ளிரவு தாண்டியதும் அணையும் திரை: ஒரு விசைப்படகின் மின்வழங்கலை எலக்ட்ரானிக் லோடு கொண்டு ஆராய்ந்த நிகழ்வு ஆய்வு

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து தொழிலுக்குப் போகும் ஒரு விசைப்படகில், வயர்லெஸ்ஸில் பேசுவதற்காகப் பட்டனை அழுத்தியதும் ஜி.பி.எஸ். திரையும், ஒலியனுப்பிக் கடலின் ஆழத்தைக் காட்டும் எக்கோ சவுண்டரும் ஒருசேர அணைந்து, சில நொடிகளில் தாமாகவே மீண்டும் எரியத் தொடங்குகின்றன என்பதுதான் ராயபுரத்திலுள்ள எங்கள் பணிமனைக்கு வந்த புகார். முந்தைய பருவத்தில் இதே கருவிகளை அவர்கள் இரண்டு முறை எங்களிடம் கொண்டுவந்தார்கள். இரண்டு முறையும் நாங்கள் சோதித்துவிட்டு, குறை ஒன்றும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தோம். மூன்றாம் முறை படகின் டிரைவரே நேரில் வந்தார். "அண்ணே, கரையில ஒண்ணுமே தெரியாது. ராத்திரி ரெண்டு மணிக்கு மேல பேசறதுக்குப் பட்டன அமுக்கினா மேப்பு அணைஞ்சிடுது, நம்ம கொரலும் பாதியில போயிடுது" என்றார். வயர்லெஸ்ஸும் சேர்ந்தே அணைகிறது என்பதை அப்போதுதான் நாங்கள் உணர்ந்தோம். கடலில் ஆபத்துக் காலத்தில் உதவிக்கு அழைக்க 16ஆம் அலைவரிசையைத் தவிர அருகில் வேறு துணை இல்லாதவர்களுக்கு, அழைக்கும் அந்த நொடியிலேயே கருவி அணைந்துபோவது சிறிய குறை அல்ல. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் படகு கரையில் நின்றது. ஆகவே இம்முறை கருவிகளை மட்டுமன்றி, பேட்டரி முதல் கடைசிக் கம்பி வரை முழு அமைப்பையும் எலக்ட்ரானிக் லோடு கொண்டு, அதாவது சொன்ன அளவு மின்னோட்டத்தை இழுத்து மின்மூலத்தைச் சோதிக்கும் கருவியைக் கொண்டு, சோதிக்க முடிந்தது.

படகில் 100 ஆம்பியர்-மணி (10 ஆம்பியர் வீதம் பத்து மணி நேரம் தரும் அளவு) கொண்ட 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரிகள் இரண்டு தொடராக இணைக்கப்பட்டு 24 வோல்ட் தருகின்றன. மேல்தள விளக்குகள் நேரடியாக அந்த 24 வோல்ட்டில் எரிகின்றன. வயர்லெஸ், ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர் மூன்றுக்கும் 24 வோல்ட்டை 13.6 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் 10 ஆம்பியர் கன்வெர்ட்டர் ஒன்று கேபினுக்குள் இருக்கிறது. பேட்டரிப் பெட்டியிலிருந்து அதற்கு எட்டு மீட்டர் தூரம் கம்பி ஓடுகிறது. எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் பேட்டரிகளை நிரப்பிக்கொண்டே இருக்கும். வலையைப் போட்டுவிட்டு மாலையில் எஞ்சினை நிறுத்தினால், விடியும்வரை எல்லாம் பேட்டரியில்தான் ஓட வேண்டும்.

முந்தைய சோதனைகள் ஏன் எதையும் காட்டவில்லை

மல்டிமீட்டர் கொண்டு பேட்டரியின் வோல்ட்டை அளப்பது, படுத்திருப்பவரின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு அவரால் மூட்டை தூக்க முடியும் என்று சொல்வதைப் போன்றது. மீட்டர் ஏறத்தாழ மின்னோட்டமே எடுப்பதில்லை. ஆகவே முக்கால்வாசி செத்துப்போன பேட்டரியும் சார்ஜ் ஏறிய சிறிது நேரத்துக்கு 12.5 வோல்ட்டைக் காட்டும். அடுத்ததாக நாங்கள் பயன்படுத்தியது, பல பணிமனைகளில் இன்றும் பயன்படும் 55 வாட் ஹாலஜன் முகப்பு விளக்கு. அது 12 வோல்ட்டில் நாலரை ஆம்பியருக்குச் சற்று மேலே எடுக்கும் என்பதால் சோதனை நியாயமானதுபோல் தோன்றும். ஆனால் இழை குளிர்ந்திருக்கும்போது அது அதைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை ஒரு கணம் இழுக்கும். சூடேறியபின், வோல்ட் குறையக் குறைய அதுவும் மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். மூலம் தளர்ந்தால் பல்பு விட்டுக்கொடுக்கிறது. கன்வெர்ட்டரோ விட்டுக்கொடுப்பதில்லை. வெளியீட்டில் 95 வாட் வேண்டுமென்றால், உள்ளீட்டு வோல்ட் சரியும்போது அது மேலும் அதிக மின்னோட்டத்தை எடுத்து அந்த 95 வாட்டைத் தந்தே தீரும். ஆகவே பல்பைக் கொண்டு தேர்ச்சி பெற்ற பேட்டரி, கன்வெர்ட்டருக்கு முன்னால் தோற்றுப்போவது வியப்பல்ல. எங்கள் முதல் இரண்டு சோதனைகளும் தவறிய இடம் இதுதான் என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடிகிறது.

இம்முறை பயன்படுத்திய கருவி 120 வோல்ட், 30 ஆம்பியர், 300 வாட் எல்லை கொண்ட, நிரல்படுத்தக்கூடிய எலக்ட்ரானிக் லோடு. இந்த மூன்று எல்லைகளையும் ஒரே நேரத்தில் எட்ட முடியாது. 12 வோல்ட்டில் 25 ஆம்பியர் எடுத்தாலே 300 வாட் நிறைந்துவிடும். உள்ளே பெரிய வெப்பத்தகட்டின்மேல் பொருத்திய மாஸ்ஃபெட்டுகள் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிரான்சிஸ்டர்கள்) முழுவதும் திறக்காமலும் முழுவதும் மூடாமலும் இடைநிலையில் நின்று, வரும் மின்சாரம் அனைத்தையும் வெப்பமாக்கிக் கழிக்கின்றன. ஒரு சிறு அளவீட்டு மின்தடையில் தெரியும் வோல்ட்டைப் பார்த்துக் கட்டுப்பாட்டுச் சுற்று அவற்றை இடைவிடாது திருத்திக்கொண்டே இருக்கிறது. மின்னோட்டம் மாறாத முறை, வோல்ட் மாறாத முறை, மின்தடை மாறாத முறை, வாட் மாறாத முறை என்று நான்கு வகையில் அதை நடக்கச் சொல்லலாம். இரண்டு மின்னோட்ட அளவுகளுக்கிடையே குறித்த வேகத்தில் தாவவும் சொல்லலாம். பேட்டரியை எதிர்முனையில் மாற்றிக் கொடுத்தால் மாஸ்ஃபெட்டுக்குள் இருக்கும் டயோடு வழியாகக் கட்டுப்பாடற்ற மின்னோட்டம் பாயும் என்பதால், பேட்டரி முனையை ஒட்டியே ஒரு ஃபியூஸைப் போட்டுவிட்டுத்தான் ஒவ்வொரு சோதனையையும் தொடங்கினோம்.

கன்வெர்ட்டர்

சந்தேகம் முதலில் கன்வெர்ட்டரின்மேல்தான் விழுந்தது. அதன் உள்ளீட்டுக்குப் பணிமனையின் மின்வழங்கியிலிருந்து 24 வோல்ட் கொடுத்து, வெளியீட்டில் லோடை 7 ஆம்பியரில் வைத்துவிட்டு இயக்கினால், கன்வெர்ட்டர் தொடங்கவே இல்லை, விட்டுவிட்டுத் துடித்தது. குறையைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று ஒரு மணி நேரம் நம்பினோம். உண்மையில் தவறு சோதனையில் இருந்தது. மின்னோட்டம் மாறாத முறையில் உள்ள லோடு, வெளியீடு ஒன்றிரண்டு வோல்ட் ஏறிய நிலையிலேயே முழு 7 ஆம்பியரையும் கேட்கிறது; வோல்ட் ஏறாமல் மின்னோட்டம் மட்டும் ஏறுவதைக் குறுக்குச்சுற்று என்று கருதிக் கன்வெர்ட்டரின் பாதுகாப்பு தன்னை அணைத்துக்கொள்கிறது. எந்த வயர்லெஸ் கருவியும் ஒரு வோல்ட்டில் ஏழு ஆம்பியர் கேட்பதில்லை. வெளியீடு 10 வோல்ட்டைத் தாண்டிய பிறகே மின்னோட்டம் எடுக்கும்படி லோடில் தொடக்க வோல்ட்டை அமைத்ததும், கன்வெர்ட்டர் எந்தத் தயக்கமும் இல்லாமல் தொடங்கியது. இந்த ஒரு அமைப்பைக் கவனிக்காததால் நல்ல மின்வழங்கிகள் எத்தனை பழைய சாமான் கடைக்குப் போயிருக்கும் என்ற எண்ணம் மனதை உறுத்துகிறது.

நிலையான சோதனையில் அது குறையில்லாமல் நின்றது. அரை ஆம்பியரில் 13.65 வோல்ட், 7 ஆம்பியரில் 13.55 வோல்ட், 10 ஆம்பியரில் அரை மணி நேரம் ஓடியும் சரியவில்லை. 7 ஆம்பியரில் வெளியீடு 95 வாட், உள்ளீடு 108 வாட் என்பதால் செயல்திறன் 88 சதவீதம். அடுத்து, கருவிகள் காத்திருக்கும்போது எடுக்கும் 1.5 ஆம்பியருக்கும், 25 வாட் வயர்லெஸ் ஒலிபரப்பும்போது எல்லாம் சேர்ந்து எடுக்கும் 7 ஆம்பியருக்கும் இடையே லோடைத் தாவவிட்டோம். வோல்ட்டின் ஏற்ற இறக்கத்தை வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பில் ஒவ்வொரு தாவலுக்கும் ஒன்றரை வோல்ட்டுக்கு மேற்பட்ட கூர்மையான பள்ளமும் அதைத் தொடர்ந்து அலைவும் தெரிந்தன. இதுவும் கன்வெர்ட்டரின் குறை அல்ல. லோடின் தாவல் வேகம் மைக்ரோ நொடிக்கு ஒரு ஆம்பியர் என்று இருந்தது. லோடுக்குச் செல்லும் இரண்டு கம்பிகளும் பிரிந்து வளைந்து கிடந்ததால் அவற்றின் தூண்டம் (மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் தன்மை) ஏறத்தாழ ஒன்றரை மைக்ரோஹென்றி. இரண்டையும் பெருக்கினால் வரும் ஒன்றரை வோல்ட்தான் திரையில் தெரிந்தது. கம்பிகளை முறுக்கிச் சுருக்கி, ஆசிலோஸ்கோப்பின் முனையைக் கன்வெர்ட்டரின் டெர்மினலிலேயே வைத்து, வேகத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தபின், பள்ளம் 0.4 வோல்ட்டாகச் சுருங்கியது. வயர்லெஸ் ஒலிபரப்பைத் தொடங்கும்போது அதன் மின்னோட்டம் மில்லி நொடிக் கணக்கில்தான் ஏறுகிறது என்பதால், குறைத்த வேகம்கூட உண்மையைவிடக் கடுமையானதே.

கன்வெர்ட்டரைப் பற்றிய பயனுள்ள தகவல், உள்ளீட்டு வோல்ட்டை மெல்ல இறக்கிப் பார்த்தபோது கிடைத்தது. பேட்டரி முற்றிலும் வடியாமல் காக்கும் பொருட்டு அது 20.6 வோல்ட்டில் தன்னை அணைத்துக்கொள்கிறது, 21.8 வோல்ட்டுக்கு ஏறினால் மீண்டும் தொடங்குகிறது. இந்த இரண்டு எண்களையும் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். இதற்குப் பிறகு நடந்த ஒவ்வொரு சோதனையும், கன்வெர்ட்டரின் வாசலில், அதாவது உள்ளீட்டில், 20.6 எப்போது வரும் என்ற ஒரே கேள்வியைச் சுற்றித்தான் நடந்தது.

பேட்டரிகள்

இரண்டு பேட்டரிகளையும் முழுவதும் சார்ஜ் செய்து, ஒரு நாள் ஓய்வில் வைத்து, தனித்தனியே சோதித்தோம். தொடரில் வைத்துச் சோதித்தால் நல்ல பேட்டரி கெட்ட பேட்டரியை மறைத்துவிடும். பத்து மணி நேர வீதப்படி 10 ஆம்பியர் மாறாமல் எடுத்து, 10.5 வோல்ட்டில் நிறுத்துவது என்று வைத்துக்கொண்டோம். முதல் பேட்டரி 77 ஆம்பியர்-மணி தந்தது. குறித்த கொள்ளளவில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் பேட்டரியை மாற்றுவது என்பது இத்துறையில் நிலைபெற்ற வழக்கம்; எனவே அதைத் தள்ளிவைக்க வேண்டும் என்று எழுதினோம்.

சோதனை முடிந்த கையோடு கிளிப்புகளைக் கழற்றும்போதுதான் அவை வெதுவெதுப்பாக இருப்பதைக் கையில் உணர்ந்தோம். லோடுக்குப் போகும் கம்பியும் முதலைக் கிளிப்புகளும் சேர்ந்து 45 மில்லிஓம். 10 ஆம்பியரில் அது 0.45 வோல்ட். லோடு தன் சொந்த டெர்மினலில் 10.5ஐப் பார்த்தபோது பேட்டரியில் இன்னும் 10.95 இருந்தது. மின்னோட்டம் செல்லும் கம்பிகளைத் தவிர, வோல்ட்டை மட்டும் அளக்க இரண்டு மெல்லிய சென்ஸ் கம்பிகளைப் பேட்டரி முனைக்கே கொண்டுபோகும் வசதி லோடின் பின்புறத்தில் இருந்தும் அதை நாங்கள் இணைக்கவில்லை. மீண்டும் சார்ஜ் செய்து, சென்ஸ் கம்பிகளை இணைத்து நடத்திய அடுத்த சோதனை நான்காம் மணியில் மின்வெட்டால் நின்றுபோனது. இடையில் ஓய்வு கிடைத்த பேட்டரி வோல்ட்டில் சற்று மீண்டுவிடும் என்பதால், இரண்டு பகுதிகளையும் கூட்டிக்கொள்ளாமல் அந்தச் சோதனையையே தள்ளிவிட்டு, லோடை யு.பி.எஸ்.ஸில் மாட்டி மறுபடியும் தொடங்கினோம். இம்முறை 8 மணி 24 நிமிடம் நின்று 84 ஆம்பியர்-மணி தந்தது. மே மாத வெயிலில் பேட்டரியின் வெப்பநிலை 33 டிகிரி. கொள்ளளவு குறிக்கப்படுவதோ 27 டிகிரிக்கு. டிகிரிக்கு அரை சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகக் கழித்தால் 82 வருகிறது. ஏற்கத்தக்க பேட்டரி. சென்ஸ் கம்பி இரண்டை இணைக்காததால் அதை எடைக்குப் போடச் சொல்லியிருப்போம்.

இரண்டாம் பேட்டரி அதே முறையில் 41 ஆம்பியர்-மணியில் நின்றது. இங்கே எண்ணைவிட வரைபடம் அதிகம் பேசியது. நாலு மணி நேரம் வரை 11.8க்கு மேலே ஒழுங்காக இறங்கிய கோடு, அதன்பின் சில நிமிடங்களில் செங்குத்தாக விழுந்து நிறுத்த எல்லையைத் தொட்டது. வயதான பேட்டரி இப்படி விழாது. எல்லா செல்களும் சேர்ந்து மெல்லச் சரியும். எனவே மறுபடி சார்ஜ் செய்து, நிறுத்த எல்லையை 9 வோல்ட்டுக்கு இறக்கி, படகில் எடுக்கப்படும் 5 ஆம்பியரிலேயே ஓடவிட்டோம். கோடு ஏறத்தாழ ஒன்பதாம் மணியில் விழுந்து, 9.9 வோல்ட்டில் இரண்டாவது சமதளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஆறு செல்களில் ஒன்று முற்றிலும் வடிந்துவிட, மீதி ஐந்தும் ஒவ்வொன்றும் இரண்டு வோல்ட்டை ஒட்டி நிற்கின்றன என்பதுதான் அதன் பொருள். அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரால் பார்த்தபோது ஐந்து செல்கள் ஒத்திருந்தன. மூன்றாவது செல்லின் அடர்த்தி மட்டும் மிகக் கீழே கிடந்தது. டிரைவர் சொன்ன இரண்டு மணிக்கு விளக்கம் இங்கேயே கிடைத்துவிட்டது: மாலை ஐந்து, ஐந்தரைக்கு எஞ்சின் நின்றால் ஒன்பது மணி நேரம் கழித்து வருவது அந்த நேரம்தான்.

ஒரு செல் செத்த பேட்டரி, முழு சார்ஜில் 2 ஆம்பியருக்கும் 20 ஆம்பியருக்கும் இடையே தாவவிட்டு அளந்தபோது 16 மில்லிஓம் உள்மின்தடை மட்டுமே காட்டியது என்பதையும் பதிவு செய்கிறேன். முதல் பேட்டரிக்கு 10. இந்த வேறுபாட்டை வைத்து மட்டும் யாரும் இரண்டாவதைத் தள்ளியிருக்க மாட்டார்கள். இரண்டாவதில் அதே அளவை ஒன்பது மணி நேரம் வடித்த பிறகு எடுத்தால் 80 மில்லிஓம். உள்மின்தடையை முழு சார்ஜில் மட்டும் அளந்து பேட்டரிக்குச் சான்று தரும் கருவிகளை நான் இதன் காரணமாகவே தனியாக நம்புவதில்லை.

படகில்

இருந்தாலும் கணக்கு முழுமையாகப் பொருந்தவில்லை. ஒன்பது மணி நேரம் வடித்தபின் முதல் பேட்டரி 12.1 வோல்ட், இரண்டாவது 9.9, கூட்டினால் 22.0. பட்டனை அழுத்தியதும் நாலு ஆம்பியருக்குச் சற்று அதிகமாக ஏறினால் பேட்டரிகளுக்குள் 0.4 வோல்ட் இழக்கும்; மீதி 21.6. கன்வெர்ட்டர் அணைய இன்னும் ஒரு வோல்ட் குறைய வேண்டும். அந்த ஒரு வோல்ட்டைத் தேடி லோடைத் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்குப் போனோம்.

கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு அதன் உள்ளீட்டுக் கம்பிகளில் லோடை இணைத்து 5 ஆம்பியர் எடுத்தோம். பேட்டரி முனைக்கும் கம்பியின் கடைசிக்கும் இடையே 1.2 வோல்ட் இழப்பு; அதாவது 0.24 ஓம். மின்னோட்டம் அசையாமல் நிற்பதால், மீட்டரின் முனைகளை ஒவ்வொரு இணைப்புக்கும் நகர்த்தி இழப்பைப் பங்கு பிரிக்க முடிந்தது: போக வர 16 மீட்டர் நீளமுள்ள 2.5 சதுர மி.மீ. கம்பியில் 0.6, ஃபியூஸ் பிடியில் மட்டும் 0.45, நெகட்டிவ் கம்பியின் முனையிலுள்ள லக்கில் (இணைப்புக் காதில்) 0.15. ஃபியூஸ் பிடியின் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது. உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. உப்புக்காற்றில் இது எதிர்பார்க்கத்தக்கதே. ஆனால் ஓம் மீட்டரால் இதைக் காண முடியாது. சாதாரண மல்டிமீட்டர் 0.1 ஓமைத் தன் சொந்தக் கம்பியின் மின்தடையிலிருந்து பிரித்துச் சொல்லாது.

இப்போது கணக்கு நேரானது. 21.6 வோல்ட்டிலிருந்து கம்பியில் 1.27 போனால் 20.3, கன்வெர்ட்டர் அணைகிறது. அணைந்ததும் மின்னோட்டம் நின்று வோல்ட் 21.8ஐத் தாண்டி ஏறுகிறது; கன்வெர்ட்டர் மீண்டும் தொடங்குகிறது; திரை உயிர்பெறுகிறது. டிரைவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி.

கணக்கோடு நிறுத்தாமல் பணிமனையில் குறையை மீண்டும் உண்டாக்கிப் பார்த்தோம். படகிலிருந்து கழற்றிய அதே கம்பி, அதே ஃபியூஸ் பிடி, ஒன்பது மணி நேரம் 5 ஆம்பியர் வடித்த இரண்டு பேட்டரிகள், மேல்தள விளக்குகளுக்குப் பதிலாகப் பழைய 24 வோல்ட் பல்புகள், கன்வெர்ட்டரின் வெளியீட்டில் லோடு. 1.5இலிருந்து 7 ஆம்பியருக்குப் பத்து முறை தாவவிட்டதில் பத்து முறையும் கன்வெர்ட்டர் அணைந்தது. கம்பியை மட்டும் மாற்றியபோது வாசலில் 21.3 நின்றது, அணையவில்லை. பழைய கம்பியையே வைத்து இரண்டாம் பேட்டரியை மட்டும் மாற்றியபோது 23.0, அப்போதும் அணையவில்லை. எந்த ஒன்றைச் சரிசெய்தாலும் குறை மறைந்துவிடும், மற்றது உள்ளே இருந்துகொண்டே இருக்கும். கம்பியை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தால், இன்னொரு செல் தளரும் நாளில் அதே திரை மீண்டும் அணைந்திருக்கும்.

சரிசெய்தது

இரண்டு பேட்டரிகளையும் ஒரே நேரத்தில் புதிதாக மாற்றுவதே சிறந்தது என்று சொன்னோம். தடைக்காலத்தில் வருமானம் இல்லாத உரிமையாளருக்கு அது இயலவில்லை. புதிய பேட்டரி ஒன்றைப் 82 ஆம்பியர்-மணி தரும் பழையதுடன் தொடராகப் போட்டால் பழையது எப்போதும் முதலில் வடிந்து சீக்கிரம் கெடும் என்பதால், அவரிடம் கூடுதலாக இருந்த நான்கு பேட்டரிகளையும் அதே முறையில், அதே சென்ஸ் கம்பிகளுடன் சோதித்தோம். அவற்றில் ஒன்று 85 தந்தது. அதை முதல் பேட்டரியுடன் தொடராக ஜோடி சேர்த்தோம். கம்பியை வெள்ளீயம் பூசிய 6 சதுர மி.மீ. செம்புக் கம்பியாக மாற்றி, நீர் புகாத ஃபியூஸ் பிடி போட்டு, லக்குகளை அழுத்தி இணைத்து மேலே சுருங்கும் குழாயும் பசையும் இட்டோம். மறுபடியும் லோடை வைத்து அளந்ததில் மொத்த இழப்பு 5 ஆம்பியருக்கு 0.3 வோல்ட். ஒன்பது மணி நேரம் வடித்தபின் அதே தாவல் சோதனையில் கன்வெர்ட்டரின் வாசலில் 23.5 வோல்ட்டுக்குக் கீழே போகவில்லை.

ஜூன் 15க்குப் பிறகு படகு கடலுக்குப் போனது. ஒரு வாரம் கழித்து வந்த டிரைவர், மூன்றரை மணிக்கும் பேசிப் பார்த்ததாகவும், மேப்பு அசையவில்லை என்றும் சொன்னார். இரண்டு பேட்டரிகளின் மேலும் அளந்த ஆம்பியர்-மணி, வெப்பநிலை, தேதி ஆகியவற்றை எழுதி ஒட்டியிருக்கிறோம். அடுத்த தடைக்காலத்தில் அவற்றை இதே வீதத்தில், இதே எல்லையில் மீண்டும் வடித்து அளப்பதாக உரிமையாளரோடு பேசி வைத்திருக்கிறோம்.